படம் வரைந்து கதையமைப்பு கற்பித்தல்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் கிறிஸ்தவக் குடும்பங்களில், வேதாகமக் கதையைக் குழந்தையே வரைந்து அதன் போக்கைப் புரிந்துகொள்ளும் முறை. கேட்ட கதையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவைக்கும் பயிற்சியை இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்தினார். எழுதப் பழகாத குழந்தைக்கு அந்தப் பயிற்சியின் தொடர்ச்சியாக ஓவியம் உதவுகிறது.

தாளை மூன்றாக மடித்தால் தொடக்கம், சிக்கல், முடிவு என மூன்று கட்டங்கள் கிடைக்கும். நடுக்கட்டம்தான் கடினம், பெரும்பாலான குழந்தைகள் அதைத் தாண்டி முடிவுக்கு ஓடிவிடுவார்கள். “ஏன் அப்படி ஆச்சு?” என்ற கேள்வியே அவர்களை அங்கே நிறுத்தும்.

கடலூர் மாவட்டத்தின் பீங்கான் தொழில் ஊரான விருத்தாசலத்துக் குழந்தைகளுக்கு எரேமியா புத்தகத்தின் 18, 19ஆம் அதிகாரங்கள் மிகப் பொருத்தமானவை. முதலாவதில், குயவன் கையில் கெட்டுப்போன பச்சைமண் பாத்திரம் மறுபடியும் வனையப்படுகிறது. அடுத்ததில், சுட்ட கலசம் உடைக்கப்படுகிறது; அதை இனிச் செப்பனிட முடியாது. இரண்டிலும் சிக்கல் ஒன்றுபோல் தோன்றினாலும் முடிவு வேறு. சூளைக்குள் போன மண் பழைய மண்ணாகாது என்பதைக் கண்ணால் பார்த்து வளரும் குழந்தை, இந்த வேறுபாட்டை விளக்கமின்றியே வரைந்துவிடும். அச்சில் வார்த்த பொம்மைகளையே பார்த்தவர்களுக்குத் குயவனின் திரிகையை (சக்கரத்தை) மட்டும் தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.