சேர்த்து வைத்த லீவு

நவம்பர் கடைசியில் மந்தைவெளிக்காரி போன் செய்வாள். "நோட்டை எடுத்துக்கோடி." எந்தத் தேதி, எந்த சபா, யார் பாட்டு, எந்தக் கேன்டீன் என்று கட்டம் போட்டு எழுதிக்கொள்வேன். 1976இலிருந்து இதுதான் வழக்கம். அப்போது நாங்கள் நாலு பேரும் ஒரே அரசு அலுவலகத்தில் தட்டச்சர்கள். மந்தைவெளிக்காரி, நங்கநல்லூர்க்காரி, பெரம்பூர்க்காரி, திருவல்லிக்கேணிக்காரியான நான். குடியிருந்த இடமே பட்டப்பெயராகி ஒட்டிக்கொண்டது.

வருஷத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவு. மிஞ்சியது டிசம்பர் 31ஆம் தேதியோடு போய்விடும். ஜுரமென்றாலும் ஆபீசுக்குப் போய், லீவைக் காசுபோல் முடிந்து வைத்திருப்போம். நாலு பேரும் ஒரே நாளில் மனுக் கொடுத்தால் சூப்பரின்டெண்டென்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். ஆளுக்கொரு பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும்.

சென்னையின் இசை சீசனே லீவில் பிறந்ததுதான் என்று பிறகு தெரிந்தபோது எங்களுக்கு ஏக திருப்தி. 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மகாசபை கூடியது, அன்சாரி தலைவர். அதையொட்டி ஒரு சங்கீத மாநாடும் நடத்தினார்கள். அங்கே எடுத்த முடிவின்படி உருவானதுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18ஆம் தேதி எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். அதன் ஆண்டு மாநாடும் கச்சேரிகளும் நாளடைவில் டிசம்பரிலேயே நிலைத்துவிட்டன. நிலைக்காமல் என்ன செய்யும்? சபாக்காரர்களில் வக்கீல்கள் ஏராளம். ஹைகோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் வித்வான்களுக்குக் கல்யாணக் கச்சேரி இல்லை. வெயிலும் தணிந்திருக்கும். பக்திக்கு மார்கழி என்பார்கள், அதுவும் உண்டுதான். ஆனால் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் சேர்ந்தாற்போல் கை ஒழிகிற மாதம் வேறு எது?

அகாடமிக்குச் சொந்த இடம் அமையப் பல வருஷம் ஆயிற்று. அதுவரை பந்தலும் இரவல் மண்டபமும்தான். இன்றைய கட்டடத்துக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1962இல் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் திறந்துவைத்தார்.

மந்தைவெளிக்காரியின் அப்பா அகாடமி பக்தர். என் அப்பா அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார். தமிழ்ப் பாட்டைக் கச்சேரி முடிகிற நேரத்தில் துக்கடாவாகப் பாடுவது எந்த ஊர் நியாயம் என்பது அவர் கட்சி. இந்தக் கோபத்தில் எழுந்ததுதான் ராஜா அண்ணாமலை செட்டியார் 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனது பாரிமுனைப் பக்கம், அண்ணாமலை மன்றத்துக்கு. வேடிக்கை என்னவென்றால், சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர்களும் விழாவுக்குப் பிடித்தது டிசம்பரைத்தான். 1968இல், தமிழிசைப் பக்கம் நின்ற எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். "இப்பவாவது கொடுத்தானே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பா பேப்பரை மடித்தார்.

நாங்கள் கட்சி பார்க்கவில்லை. டிக்கெட் இல்லாத மத்தியானக் கச்சேரி எங்கே நடந்தாலும் அங்கே இருப்போம். பெயர் வாங்காத பிள்ளைகள் பாடுவார்கள். பாதி நாற்காலி காலி. பின்வரிசையில் உட்கார்ந்து ஆபீஸ் வம்பைத் தணிந்த குரலில் பேசித் தீர்ப்போம். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மூன்று பேர் கேன்டீனுக்கு நழுவுவோம். பெரம்பூர்க்காரி மட்டும் அசைய மாட்டாள். அவள் அண்ணன் மிருதங்கம் கற்றவர். அந்த நேரத்தில் எழுந்து போவது அவளுக்குப் பாவம். தொடையில் தாளம் போட்டபடி அவள் இருக்க, கீரை வடை ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவோம்.

இப்போது நாலு பேருமே பென்ஷன்காரர்கள். வருஷம் முழுக்க லீவு. இருந்தும் பிப்ரவரியிலோ ஜூலையிலோ ஒரு நாள் சேர்ந்து காபி சாப்பிட்டோமா என்றால், இல்லை. முழங்கால், பேரன், மாப்பிள்ளை வருகை, ஏதாவது ஒன்று. டிசம்பர் என்றால் மட்டும் எல்லாம் தானாக ஒதுங்கி வழிவிடுகிறது. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: படி எத்தனை.

போன வாரம் மந்தைவெளிக்காரி கூப்பிட்டாள். 22ஆம் தேதிக்கு இரண்டு பாட்டு மோதுகிறது. எதை விடுவது என்று நான் கேட்டேன்.

"பாட்டு கிடக்கட்டும்டி. வடை எங்கே நல்லா இருக்கு, அதைச் சொல்லு."