தாய்வழி உறுதிகளும் வீட்டின் வயதும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பெரியநீலாவணையில் ஒரு வீட்டின் பழமையை ஆராய்பவர் சுவரையும் கூரை ஓடுகளையும் மட்டும் நம்ப இயலாது; 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளோடு ஆவணங்களையும் அடித்துச் சென்றது. எனினும் காணிக் கைமாற்றங்கள் நொத்தாரிசு, அதாவது உறுதி எனும் காணி ஆவணத்தை எழுத அதிகாரம் பெற்றவர், முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்ததால், உறுதியின் மறுபிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழமையாதலால், உறுதிகளை மகளிலிருந்து தாய்க்கும், தாயிலிருந்து அவர் தாய்க்குமாகப் பின்னோக்கிப் படித்தால்தான் உரிமைத் தொடர் துலங்கும். ஆண்களின் பெயரை மட்டும் தேடும் ஆய்வு இங்கு வழிதவறும். உறுதி நிலம் கைமாறிய ஆண்டைத்தான் உறுதிப்படுத்தும். வீடு எழுந்த காலத்தை மூத்த பெண்களின் நினைவோடும் ஒப்பிட்டே கணிக்க வேண்டும்.