விலக்குவதும் விலகுவதும்

காந்தத்தின் ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். 'விலக்கு' என்ற அந்தச் சொல் விஞ்ஞானத்துக்காகப் புதிதாகச் செய்ததல்ல. வீட்டு விலக்கு, ஊர் விலக்கு என்று அது ஏற்கெனவே நம்மிடம் புழங்கியதுதான். மதுவிலக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். 1937-இல் ராஜாஜி அதை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். தர்மபுரி அப்போது அதற்குள் அடக்கம்.

1785-இல் பிரான்சு நாட்டுக் கூலும் ஒரு முறுக்குத் தராசை வைத்து மின்னூட்டங்களின் விலக்கு விசையை அளந்தார். தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு. இதில் இன்னொரு நியாயமும் உண்டு. இரண்டு பக்கமும் விசை சமம். ஒன்று விலக்க, மற்றது விலகி ஓடுவது என்று கிடையாது. இரண்டும் விலக்கும், இரண்டும் விலகும்.

நம் ஊரில் அப்படி இல்லை. ஒருவர் விலக்குவார், மற்றவர் விலக வேண்டும். சின்ன வயதில் எங்கள் பக்கத்து டீக்கடையில் சிலருக்கென்று தனி டம்ளர் கூரை ஓலையில் செருகியிருக்கும். குடித்தவரே கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போக வேண்டும். பொது உணவகத்தின் பாத்திரங்களை ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. ஓலைக்கு அது தெரியவில்லை. பிறகு பேப்பர் கப் வந்தது. பல கடைகளில் தனி டம்ளர் தானாக மறைந்தது. யார் மனமும் மாறாமலே நடந்த அந்த மாற்றத்தைக் கொண்டாட எனக்குத் தயக்கம்.

அருவருப்புதான் காரணம் என்பார்கள். அருவருப்பு என்றால் எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமே! அதே கை களை எடுக்கலாம், நெல் அறுக்கலாம், கடலைக்காய் ஆயலாம். அந்தக் கடலையை வறுத்துத் தின்னும்போது குமட்டுவதில்லை. வேலைக்கு ஈர்ப்பு, டம்ளருக்கு மட்டும் விலக்கு. எந்தக் காந்தமும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

பழைய கதை என்று சிலர் நினைக்கலாம். 2024 பிப்ரவரியில் நம் மாவட்டத்தில், மொரப்பூர் பக்கம், காட்டு வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றினார்கள். வீடியோ பரவியது. நிலத்துக்காரர் குடும்பத்துப் பெண்கள் இருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்கள். கொட்டாங்குச்சியைக் கழுவிச் செருக வேண்டியதில்லை. குடித்ததும் எறிந்துவிட்டு, மறுபடி களைக்கொத்தை எடுக்கலாம்.