தேநீர்: நன்மைகளும் அருந்தவேண்டிய முறையும்

கமெலியா சைனென்சிஸ் என்னும் தாவரத்தின் துளிர் இலைகளைப் பதப்படுத்தி, வெந்நீரில் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ பெறப்படும் பானமே தேநீர் ஆகும். கருந்தேயிலை, பச்சைத் தேயிலை, ஊலாங், வெண்தேயிலை ஆகிய அனைத்தும் இந்த ஒரே தாவரத்திலிருந்து கிடைப்பவையே. பறித்த இலை எந்த அளவுக்கு ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது என்பதே அவற்றிடையே உள்ள முதன்மை வேறுபாடு. நம் வீடுகளில் பெரும்பாலும் பயன்படுவது கருந்தேயிலைத் தூளாகும். சுக்கு, துளசி, செம்பருத்தி ஆகியவற்றை மட்டும் கொண்டு தயாரிக்கப்படும் பானங்களில் தேயிலை இல்லை. ஆகவே இக்கட்டுரையில் கூறப்படுபவை அவற்றுக்குப் பொருந்தா.

தேநீரில் உள்ள முக்கியப் பொருள்கள்

பச்சைத் தேயிலையில் கேட்டசின்களும் கருந்தேயிலையில் தியாபிளேவின்களும் மிகுதி. இவை பாலிபீனால் வகையைச் சார்ந்த எதிர் ஆக்ஸிகரணிகள். இவற்றுடன் காஃபீன், தியானின் ஆகியனவும் உள்ளன. 150 மி.லி. தேநீரில் ஏறத்தாழ 30 முதல் 65 மி.கி. வரை காஃபீன் இருக்கும்.

அறியப்பட்ட நன்மைகள்

• காஃபீனும் தியானினும் சேர்ந்து சோர்வைக் குறைத்து, கவனத்தைச் சில மணி நேரம் கூர்மையாக்குகின்றன.
• அளவோடு அருந்தும் தேநீர் உடலின் நீர்த்தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்கிறது.
• பிரிட்டனில் 40 முதல் 69 வயதுடைய ஏறத்தாழ 5 இலட்சம் பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு கோப்பை அல்லது அதற்கு மேல் தேநீர் அருந்தியவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 விழுக்காடு வரை குறைவாகக் காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அருந்தியது கருந்தேயிலைத் தேநீரே.

இத்தகைய ஆய்வுகள் தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. தேநீரே காரணம் என்று நிறுவுவதில்லை. தேநீர் எந்நோய்க்கும் மருந்தாகாது. பச்சைத் தேயிலை உடல் எடையைக் கணிசமாகக் குறைக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. அதன் சாற்றைச் செறிவூட்டி விற்கப்படும் மாத்திரைகளை அதிக அளவில் உட்கொண்டால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும்.

இரத்தசோகையும் தேநீரும்

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆதலால் தேநீரை எவ்வளவு அருந்துகிறோம் என்பதைப் போலவே, எப்பொழுது அருந்துகிறோம் என்பதும் முக்கியமானது.

கீரை, பயறு, தானியங்கள் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்துடன் தேநீரின் பாலிபீனால்கள் குடலில் பிணைந்து, அது இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கின்றன. உணவுடன் தேநீர் அருந்தினால் இந்த உறிஞ்சல் பாதிக்கும் மேல் குறையக்கூடும். இட்லி, தோசையுடன் தேநீர் அருந்தும் வழக்கமும், காலை உணவுக்கு மாற்றாகத் தேநீரும் பன்னும் உட்கொள்ளும் வழக்கமும் இரத்தசோகை உடையவர்களுக்கு ஏற்றவை அல்ல.

கர்ப்பிணிகளுக்கு இரண்டாம் மும்மாதத்திலிருந்து நாள்தோறும் வழங்கப்படும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரைக்கும் இது பொருந்தும். மாத்திரை உட்கொண்டும் ஹீமோகுளோபின் அளவு உயரவில்லை எனில், அதனைத் தேநீர், காப்பி அல்லது பாலுடன் உட்கொள்கிறார்களா என்பதையும் கேட்டறிய வேண்டும். மாத்திரையைத் தண்ணீருடன் மட்டுமே உட்கொள்ளுதல் வேண்டும். உணவுடன் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சேர்த்தால் அவற்றின் வைட்டமின் சி இரும்புச்சத்து உறிஞ்சப்பட உதவும்.

அருந்தும் முறை

• உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தேநீரைத் தவிர்க்கவும். இதுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின் பரிந்துரையுமாகும்.
• காப்பியும் சேர்த்து, நாளொன்றுக்கு 300 மி.கி. காஃபீனைக் கடக்க வேண்டாம். கர்ப்பிணிகள் இதனினும் குறைத்துக்கொள்வது நலம்.
• சர்க்கரையைப் படிப்படியாகக் குறைக்கவும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் ஐந்து கோப்பை அருந்துபவர் உடலில் ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி, சேர்கிறது. வெல்லமும் தேனும் இதற்கு விலக்கல்ல.
• 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் வகைப்படுத்தியுள்ளது. எனவே சற்று ஆறிய பின் அருந்தவும்.
• உறக்கம் குறைந்தவர்கள் மாலைக்குப் பின் தவிர்க்கவும்.
• சூடான தேநீரை நெகிழிப் பைகளில் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு செல்லவும்.
• குழந்தைகளுக்குப் பாலுக்கோ உணவுக்கோ மாற்றாகத் தேநீர் அளிக்கலாகாது.

கலப்படத்தை அறிதல்

வடிதாளில் சிறிது தேயிலைத் தூளைப் பரப்பி, நீர் தெளித்து நனைத்த பின் தூளை அகற்றித் தாளைக் கழுவவும். தாளில் சாயக்கறை உடனே தென்பட்டால் நிறமி கலக்கப்பட்டிருக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கவும்.

மருத்துவரை அணுக வேண்டியவர்கள்

தொடர்ந்த களைப்பு, மூச்சு வாங்குதல், வெளிறிய நாக்கு அல்லது கண்ணிமை உட்புறம் ஆகியவை இருப்பின், தேநீரால் களைப்பைப் போக்கிக்கொண்டு காலம் தாழ்த்தாமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீரகக் கல், நெஞ்செரிச்சல் உடையவர்களும், தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்களும் தேநீரின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்தல் வேண்டும்.