தடை செய்யப்பட்ட தோட்டம்

1851, ஆகஸ்ட் 7. பிரஷ்ய அரசாங்கம் ஒரு தடை உத்தரவு போட்டது. எதற்குத் தடை? ஆயுதக் கிடங்குக்கா, புரட்சிக் கட்சிக்கா? அதெல்லாம் இல்லை. மூன்று, நாலு வயசுப் பிள்ளைகள் பந்து உருட்டி, பாட்டுப் பாடி விளையாடிக்கொண்டிருந்த கிண்டர்கார்டனுக்கு!

அதை ஆரம்பித்தவர் ஃப்ரெடரிக் ஃப்ரோபெல். 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தவர். ஒன்பது மாசக் குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். பாதிரியாரான அப்பாவுக்கு ஊர் வேலைக்கே நேரம் போதவில்லை. பையனுக்குத் துணை, வீட்டுத் தோட்டத்துச் செடிகொடிகள்தான்.

அந்தத் தோட்டத்தை அவர் மறக்கவில்லை. 1837-ல், 55 வயசில், பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் குழந்தைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840-ல் அதற்கு வைத்த பெயர், கிண்டர்கார்டன். அதாவது, குழந்தைகள் தோட்டம். டீச்சர்தான் தோட்டக்காரர். எந்தத் தோட்டக்காரராவது செடியைப் பிடித்து இழுத்து வளர்ப்பாரா?

பாடப் புத்தகத்துக்குப் பதில் ஃப்ரோபெல் கொடுத்தது விளையாட்டுச் சாமான்கள். முதலில், கம்பளி நூல் சுற்றிய ஆறு வண்ணப் பந்துகள். அப்புறம் மரத்தில் ஓர் உருண்டை, ஓர் உருளை, ஒரு கனசதுரம். அடுத்து, எட்டுக் குட்டிக் கட்டைகளாகப் பிரியும் இன்னொரு கனசதுரம். குழந்தை அதைப் பிரித்து நாற்காலி செய்யும், படிக்கட்டு கட்டும், மறுபடி சேர்த்து வைக்கும். பாதி, கால், எட்டில் ஒன்று என்று யாரும் சொல்லித்தராமலே கணக்கு கைக்குள் வந்துவிடும். வெளியே மண்ணில் ஆளுக்கொரு குட்டிப் பாத்தி வேறு.

இதில் அரசாங்கத்துக்கு என்ன பயம்? ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல், பெண்கள் கல்வி பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். மந்திரிக்குப் பெயர்க் குழப்பம். சோஷலிசம், நாத்திகம் என்று முத்திரை குத்திவிட்டார். "அது நான் இல்லை" என்று ஃப்ரோபெல் விளக்கியும் பயனில்லை. மறுவருஷம் ஜூன் மாசம் இறந்துபோனார். 1860-ல்தான் தடை நீங்கியது.

அதற்குள் விதை கடல் தாண்டியிருந்தது. 1856-ல் மார்கரெத்தா ஷூர்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி, அமெரிக்காவின் வாட்டர்டவுனில் தன் வீட்டிலேயே கிண்டர்கார்டன் நடத்தினார். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தக் கட்டைகளைப் பார்த்த ஒரு தாய், தன் ஒன்பது வயசு மகனுக்கு வாங்கித் தந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான ஃப்ராங்க் லாயிட் ரைட்தான் அந்தப் பையன். அந்த மரக்கட்டைகள் இன்னும் தன் விரல்களில் இருப்பதாக வயசான பிறகும் சொன்னார்.

நம்ம ஊர் எல்.கே.ஜி.யில் இருக்கும் 'கே.ஜி.'யும் இதே கிண்டர்கார்டன்தான். ஆனால், பல பள்ளிகளில் பந்துக்குப் பதில் பென்சில், பாத்திக்குப் பதில் நாலு கோடு நோட்டு. விளையாட்டை நிறுத்த பிரஷ்யாவுக்கு ஓர் உத்தரவு தேவைப்பட்டது. நமக்கு ஹோம்வொர்க்கே போதும்.