வீட்டை வித்தாச்சு... ஏசி, மோட்டார், ஊஞ்சல் யாருக்கு? சட்டம் என்ன சொல்லுது?

வீடு பார்க்கப் போகும்போது ஹாலில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும். பெட்ரூமில் ஏசி ஓடும். படிக்கட்டுக்குக் கீழே இன்வெர்ட்டர், மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர். விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, பத்திரம் முடிந்து, சாவி வாங்கிப் பால் காய்ச்சப் போனால் ஊஞ்சல் தொங்கிய இடத்தில் வெறும் கொக்கிகள். ஏசி இருந்த சுவரில் ஓட்டை. குழாயில் ஏன் தண்ணீர் வரலைன்னு பார்த்தா, போர்வெல் மோட்டாரையே காணோம்!

"வீட்டைத்தானே வித்தேன், சாமானை விக்கலையே" என்பார் வித்தவர். "இதையெல்லாம் பார்த்துத்தானே அந்த விலைக்கு ஒத்துக்கிட்டேன்" என்பார் வாங்கியவர். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரியே தோணும். ஆனால் சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு, வங்கிக் கடனும் வாங்கி வீடு வாங்கிய குடும்பத்துக்கு, முதல் வாரமே மோட்டார், ஏசி என்று இன்னொரு பெரிய செலவு வருவது சாதாரண விஷயம் இல்லை. அப்போ எது வீட்டோடு போகும்? எதை வித்தவர் எடுத்துக்கொள்ளலாம்?

1882-லேயே பட்டியல் இருக்கு

இந்தக் கேள்விக்கான பதில் சொத்து மாற்றுச் சட்டம், 1882-ல் இருக்கிறது. அதன் 8-வது பிரிவுப்படி, ஒரு வீடு கைமாறும்போது பூட்டு, சாவி, கம்பிகள், கதவு, ஜன்னல் ஆகியவையும், "வீட்டோடு சேர்ந்து நிரந்தரமாகப் பயன்படுவதற்காக" வைக்கப்பட்ட மற்ற பொருள்களும் கூடவே கைமாறும். தனியாக எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் அதே பிரிவின் தொடக்கத்தில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. வேறு மாதிரியான எண்ணம் தெரிவிக்கப்பட்டிருந்தால் இந்த விதி பொருந்தாது. அதாவது, "பூஜை அறைக் கதவை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன்" என்று இருவரும் ஒத்துக்கொண்டு எழுதிவிட்டால், அதுதான் செல்லும். ஒன்றும் எழுதாமல் விட்டால் மட்டுமே சட்டத்தின் பட்டியல் வேலை செய்யும்.

எது நிலத்தோடு "பிணைந்தது" என்பதை 3-வது பிரிவு மூன்று வகையாகச் சொல்கிறது. வேர்விட்டு நிற்கும் மரம், செடி. பதிந்து நிற்கும் சுவர், கட்டடம். மூன்றாவது, அந்தக் கட்டடத்தின் நிரந்தரப் பயனுக்காக அதில் பொருத்தப்பட்டவை. சண்டை எல்லாம் இந்த மூன்றாவது வகையில்தான்.

கொல்லையில் நிற்கும் தென்னை முதல் வகை என்பதால் அது வாங்கியவருக்கு. தொட்டியில் வளர்க்கும் துளசியையும் ரோஜாவையும் தாராளமாகத் தூக்கிக்கொண்டு போகலாம்.

போல்ட் போட்டா போதுமா?

"சுவரில் போல்ட் போட்டு மாட்டியிருந்தா அது வீட்டோடு சேர்ந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. எப்படிப் பொருத்தியிருக்கு என்பதோடு, எதற்காகப் பொருத்தியிருக்கு என்பதையும் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

1960-களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு ஆயில் இன்ஜின் வழக்கு வந்தது. தண்ணீர் இறைக்க நிலத்தில் பொருத்தியிருந்த இன்ஜின், அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்பதுதான் கேள்வி. அசையும் சொத்து என்றது நீதிமன்றம். இன்ஜின் ஓடும்போது ஆடாமல் இருக்கத்தான் அதைத் தரையில் பொருத்தினார்கள். வேலை முடிந்தால் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். எனவே அது நிலத்தின் பகுதி ஆகிவிடாது என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பை வைத்து போர்வெல் மோட்டாரைக் கழற்றிவிடலாமா? அங்கேதான் சிக்கல். அந்த வழக்கில் பேசப்பட்டது ஒரு இன்ஜினின் தன்மை. வீட்டு விற்பனையில் 8-வது பிரிவின் "வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படும் பொருள்" என்ற சொற்களும் சேர்ந்து வரும். மோட்டார் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றால், வாங்கியவர் பக்கம் வலுவான வாதம் இருக்கு.

சமையலறையைப் பற்றி இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-ல் சொன்னது சுவாரசியமானது. கடன் கட்டாத ஒருவரின் ஃபிளாட்டை வங்கி எடுத்துக்கொண்டபோது, உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் சண்டை நடந்தது. பொருத்தப்பட்ட கிச்சன் கப்போர்டுகள், பாத்ரூம் குழாய்கள் எல்லாம் வீட்டோடு சேர்ந்தவை. திரைச்சீலை, கார்பெட், கப்போர்டுக்கு நடுவே செருகிய ஓவன், ஃபிரிட்ஜ் எல்லாம் தனிப் பொருள்கள் என்று முடிவானது. நம்ம ஊர் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மாடுலர் கிச்சனையும் அதில் இருக்கும் சிம்னியையும் ஒரே பொருளாக நினைக்கக் கூடாது என்பது புரியும்.

ஸ்பிளிட் ஏசி, சீலிங் ஃபேன், இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும் சாமான்கள். இவற்றுக்குச் சட்டத்தில் பெயர் சொல்லி விடை கிடையாது. ஒரு ஃபேனுக்காக சிவில் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் அலைய யாருக்கும் தெம்பும் இல்லை. அதனால், எழுதி வைப்பது ஒன்றுதான் வழி.

எங்கே எழுதுவது?

நம்ம ஊர் கிரயப் பத்திரங்களின் தபசிலில் "கதவு, நிலவு, ஜன்னல், மின் இணைப்பு, அதன் டெபாசிட், தண்ணீர்க் குழாய் இணைப்பு சகிதம்" என்ற ரீதியில் ஒரு வரி வரும். பத்திர எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்கிய வரியாகவும் அது இருக்கலாம். "மின் சாமான்கள் சகிதம்" என்று ஒரு சொல் சேர்ந்துவிட்டால் ஃபேனும் லைட்டும் போச்சு. விற்பவர்கள் இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய தப்பு.

"புரோக்கர் முன்னாடி வாயால் சொன்னேனே" என்பதும் பின்னால் உதவாது. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்கு முரணாக வாய்மொழிச் சாட்சியம் சொல்வதை, சில விதிவிலக்குகள் தவிர, சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் இதே விதி தொடர்கிறது.

எனவே அட்வான்ஸ் கை மாறும்போதே, கிரய ஒப்பந்தத்தோடு ஒரு பக்கப் பட்டியலை இணைத்துக்கொள்வது நல்லது. "ஏசி 2" என்று மட்டும் எழுதாமல் எந்த அறையில், என்ன பிராண்டு, எத்தனை டன் என்று எழுதணும். புது ஏசியைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டிவைக்கிற வேலைக்கு அப்போதுதான் இடம் இருக்காது. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, செல்போனில் வீடு முழுக்க ஒரு வீடியோவும் எடுத்து வெச்சுக்கலாம். இங்கிலாந்தில் இதற்கென்றே டிஏ10 என்ற படிவம் உண்டு. விற்பவர் பல்ப், திரைச்சீலைக் கம்பி வரை குறித்துக் கொடுப்பார். இங்கே அப்படிப் படிவம் இல்லாததால் நாமேதான் எழுதிக்கணும்.

விற்பவர் முதலில் செய்ய வேண்டியது

எடுத்துக்கொண்டு போக நினைக்கும் பொருளை, வீடு பார்க்க ஆள் வருவதற்கு முன்பே கழற்றிவிடுவது புத்திசாலித்தனம். தாத்தா காலத்து ஊஞ்சலோ, அம்மா அரைத்த ஆட்டுக்கல்லோ கண்ணில் படவே இல்லை என்றால் அதைப் பற்றிப் பேச்சே எழாது. பார்த்த பிறகு "இது மட்டும் தர மாட்டேன்" என்றால், அதை வைத்தே விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கதவும் தூணும் தனித்தனியாக விலைக்கு நிற்கும். உரிமையாளர் தன் வீட்டுக் கதவைத் தானே விற்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் கிரய ஒப்பந்தம் போட்ட பிறகு கதை வேறு. ஒப்படைக்கும் நாள் வரை, விவேகமுள்ள ஒரு உரிமையாளர் பார்த்துக்கொள்வது போல் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 55-வது பிரிவு.

வாடகைக்கு ஆள் இருக்கிற வீட்டை விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். குடியிருப்பவர் தன் காசில் மாட்டிய ஏசியை அவர் காலி செய்யும்போது கழற்றிக்கொள்ள 108-வது பிரிவு இடம் தருகிறது, வீட்டைப் பழைய நிலையில் விட்டுச் செல்லணும், அவ்வளவுதான். அந்த ஏசியையும் சேர்த்து நீங்கள் விலை பேசிவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சாமானுக்குத் தனி ரசீது போடலாமா?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து பொதுவாக 9 சதவீதம். 3 லட்சம் ரூபாய் சாமானை வீட்டு விலையோடு சேர்த்தால் அதற்கு மட்டும் 27,000 ரூபாய். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்குத் தனியாக ரசீது எழுதி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று மாடுலர் கிச்சன், டைல்ஸ் எல்லாவற்றையும் "சாமான்" ஆக்கினால் சிக்கல் வரும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு உரத் தொழிற்சாலை கைமாறியபோது, இயந்திரங்கள் அசையும் சொத்து என்று சொல்லி டங்கன்ஸ் நிறுவனம் முத்திரைத்தீர்வையைத் தவிர்க்கப் பார்த்தது. நிரந்தரமாக இயக்கும் எண்ணத்தில் நிறுவியவை அசையாச் சொத்துதான் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சோலார், கேஸ்

மாடியில் சோலார் பேனல் இருந்தால் அதை வீட்டோடு விட்டுவிட்டு விலையில் கேட்டுப் பெறுவதே லாபம். நெட் மீட்டர் அந்த வீட்டு மின் இணைப்போடு சேர்ந்தது. பேனலை மட்டும் பிரித்துப் போனால் இறக்கும் கூலி ஒரு பக்கம், துளை விழுந்த தளம் இன்னொரு பக்கம்.

கேஸ் அடுப்பு விற்பவருடையது, எடுத்துப் போகலாம். சிலிண்டரும் ரெகுலேட்டரும் கேஸ் நிறுவனத்தின் சொத்து. அவற்றை வீட்டோடு சேர்த்து விற்க முடியாது. விற்பவர் தன் கனெக்‌ஷனைப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர் தன் பெயரில் தனி கனெக்‌ஷன் வைத்துக்கொள்ள வேண்டும்.