நகர்ந்துபோன வாசல்: சமுதாயக் கல்லூரியும் சேர்வராயன் மலை மாணவரும்

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ தவறியவருக்குத் தமிழகத்தில் மறுவாய்ப்பு இல்லாமலில்லை. துணைத்தேர்வு உண்டு, தனித்தேர்வராக எழுதலாம், டுடோரியல்கள் ஊருக்கு ஊர் கொழித்த காலமும் இருந்தது. ஆனால் இவை அனைத்தும் அதே பாடத்தை, அதே மாதிரி வினாத்தாளோடு மறுபடியும் முன்னே வைப்பவை. மாணவர் எதனால் தவறினார் என்ற கேள்விக்குள் இவை போவதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது சமுதாயக் கல்லூரி.

1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அடுத்த ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் 1999இல் சென்னையில் நிறுவிய ஆய்வு மையம் இந்த முறையை நாடெங்கும் கொண்டுசென்றது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் தேர்வில் தவறியவர்களுமே இதன் முதன்மை மாணவர்கள். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி எனப் படிப்பு ஏறத்தாழ ஓராண்டு நடந்தது. தொழிலுக்கு முன்னால் வாழ்க்கைத் திறனை வைத்ததே இதன் நுட்பம். தோற்றவர் முதலில் இழப்பது நாலு பேர் முன்னால் பேசும் துணிவைத்தான் என்பதை இதை வகுத்தவர்கள் அறிந்திருந்தனர்.

பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் இதைத் தன் திட்டமாக்கியபோது நிதி வந்தது, தகுதிச் சட்டகமும் வந்தது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள் பட்டயப் படிப்புகள் அமர்த்தப்பட்டன; நுழைவுக்குப் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றாயிற்று. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர் வெளியே நிற்க, வாசல் இரண்டு வகுப்பு மேலே போய்விட்டது. இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. மதிப்பைத் தேடிய ஒரு திட்டம் மதிப்பு குறைந்தவர்களைக் கைவிட்டது, அவ்வளவே.

மதிப்பைப் பற்றிய கவலை பொய்யானதும் அல்ல. பதினெட்டு வயதானால் போதும் என்று திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகப் பட்டம் பெற்ற பலரை 2009ஆம் ஆண்டின் அரசாணை 107 நிலைகுலைய வைத்தது. பத்தும் பன்னிரண்டும் முடித்த பின் பெற்ற பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்றது அது. படித்தது வீண் என்றல்ல, படி ஒன்று விட்டுப்போயிற்று என்றது. ஆக, மறுவாய்ப்பின் உயிர் பாடத்திட்டத்தில் இல்லை; அந்தச் சான்று அடுத்த கதவைத் திறக்குமா என்பதில் இருக்கிறது.

1974இல் நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி இந்தச் சிக்கலை வேறுவிதமாக அணுகியது. இடைநிற்கும் நிலையிலிருந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பள்ளியையே கல்லூரி வளாகத்துக்குள் வைத்தது. பள்ளிச் சான்றும் கல்லூரிப் பாடமும் ஒரே கூரையின் கீழ் கிடைத்ததால் நடுவில் படி எதுவும் விட்டுப்போகவில்லை.

சேர்வராயன் மலைக்கு வருவோம். திரு இருதயக் கன்னியர் பள்ளி 1894இலும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலும் தொடங்கிய, அம்மலை மீதுள்ள ஏற்காட்டுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க ஏறி வருகிறார்கள். மலையிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளில் பலர் தொழிற்கல்விக்கும் கல்லூரிக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் கடந்து சேலம் இறங்க வேண்டியிருக்கிறது. தொலைவை விடக் காலக்கணக்கு கொடியது. 1820களில் ஆட்சியர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பியின் பழப் பறிப்பு நவம்பரில் தொடங்கி சனவரி, பிப்ரவரி வரை நீள்கிறது, பொதுத்தேர்வு மார்ச்சில். வீட்டில் கூலிக் கை தேவைப்படும் மாதங்களும் திருப்புதல் தேர்வு மாதங்களும் ஒன்றே. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளுக்கு மாநிலம் முழுதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்றபோது எழுந்த பதற்றம் பெரிதும் வருகைப் பதிவேட்டைச் சுற்றியே நின்றது. அந்தந்த ஊரின் வேலைக் காலத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தவர் குறைவு.

அப்படியானால் மலையில் காப்பித் தரம்பிரித்தல், மிளகு, நாற்றங்கால், விடுதிப் பணி என்று பயிற்சி தரலாமே என்பது எளிய பதில். இங்கே தமிழ் வாசகருக்கு 1953இன் குலக்கல்வித் திட்டம் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். எஸ்டேட் கூலியின் பிள்ளைக்கு எஸ்டேட் வேலையே கல்வி என்றால் அது குலக்கல்வியின் மலைப்பதிப்பு. மாணவரின் கனவை மெல்லத் தணித்து அனுப்புவதே இரண்டாண்டுக் கல்லூரிகளின் மறைமுகப் பணி என்று அமெரிக்கச் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960இல் எழுதியதும் இதே ஐயம்தான். ஐயத்தை ஒதுக்கிவிட்டுத் திட்டம் தீட்டினால் அது தோற்கும், தோற்கத்தான் வேண்டும்.

விடை ஏற்கெனவே நம் கையில் பாதி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கில மொழித்தாள்களில் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். எட்டாம் வகுப்புக்குப் பின் படித்தவருக்குப் பத்துக்கு இணை உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டும் உண்டு. இந்தப் பாலத்தைச் சமுதாயக் கல்லூரிப் பட்டயத்துக்கும் நீட்டி, பத்தில் தவறியவரும் நுழைய அனுமதித்தால் தொழிற்பயிற்சி முட்டுச்சந்தாக நிற்காது. அதற்கெனத் தனிக் கட்டடம் தேடுவது தேவையற்ற செலவு. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வகுப்பறையும் விடுதியும் இருக்கின்றன. மாலை வகுப்புகளை அங்கேயே வைக்கலாம். பயிற்சி ஆண்டின் வகுப்புகள் மார்ச்சில், பறிப்பு முடிந்த கையோடு தொடங்கி அக்டோபருக்குள் முடிய வேண்டும். பறிப்பு மாதங்கள் கூலியோடு கூடிய பணியிடப் பயிற்சியாகக் கணக்கில் ஏறலாம். தோட்ட உரிமையாளர்கள் பயிற்சியாளரை மலிவுக் கூலியாக்கும் அபாயம் இதில் உண்டு. ஆகவே அந்த மாதங்களின் கூலி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் இருப்பதைத் தொழிலாளர் துறை தணிக்கை செய்வது சேர்க்கை விதிகளிலேயே இடம்பெற வேண்டும்.